விருமாண்டியின் சூடச் சத்தியம்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அதற்கு டிரைவரும் வைத்துக்கொண்ட ஒரே மனிதர் மதுரையில் வெங்கடேஷ்பாபுவாகத்தான் இருப்பார். நூல் வியாபாரம், மூன்று தலைமுறைச் சொத்து, முதுகுவலிக்கு டாக்டர் கொடுத்த பெல்ட். ஐம்பது வயதில் ஆசைப்பட்டு இரண்டே சீட் உள்ள ஒரு சிவப்புக் காரை வாங்கிவிட்டார். வாங்கின பிறகுதான் தெரிந்தது, அதற்குள் குனிந்து ஏறவே அவருக்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும் என்று. ஆகவே அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், ஸ்டீயரிங்கில், ஐந்து வருஷமாக அவருடைய பழைய காரை ஓட்டிவந்த விருமாண்டி உட்கார்ந்தான்.

விருமாண்டிக்கு வயது நாற்பத்து நாலு. மதுரைக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பழங்காநத்தத்திலிருந்து நாகமலை புதுக்கோட்டைக்குப் பதினோரு வருஷம் மினி பஸ் ஓட்டியிருக்கிறான். யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் படியில் தொங்க, மழையிலும் சகதியிலும் ஒருவரையும் கீழே விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன். எந்தச் சக்கரம் மண்ணைப் பிடிக்கிறது, எது வழுக்கப் பார்க்கிறது என்பதெல்லாம் அவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கல்யாணமான மூன்றாம் வருஷம் மனைவி காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. அதற்கப்புறம் அவனுக்கென்று மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று கையிலிருந்த தொழில், இன்னொன்று வாடிப்பட்டிக்கு மேற்கே வாழ்க்கைப்பட்ட அக்கா முத்துத்தாய்.

அந்தத் தொழிலில்தான் சிவப்புக் கார் முதல் நாளே கை வைத்தது.

ரிங் ரோட்டு வளைவில் கொஞ்சம் மிதித்துத் திருப்பினான். அம்புட்டு நேரம் உறுமிக்கொண்டிருந்த எஞ்சின், பெரியவர்கள் வந்துவிட்ட வீட்டில் பிள்ளைகள் அடங்குவதுபோல் சட்டென்று அடங்கிவிட்டது. ஏதோ ஒரு சக்கரத்தில் தானாகப் பிரேக் பிடித்தது. கண்ணுக்கு நேரே ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டியது. விருமாண்டி ஒரு தப்பும் செய்திருக்கவில்லை. வண்டியின் வால் எவ்வளவு போகும், எங்கே திரும்பி வரும் என்று அவனுக்குத் தெரியும். காருக்கு அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

விற்றவர்கள் அதற்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று பெயர் சொன்னார்கள். வண்டி சறுக்கப் போகிறது என்று அதற்குத் தோன்றினால் எஞ்சினை அடக்கி, பிரேக் போட்டு, தானே நேராக்கிக்கொள்ளுமாம். கியருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. அதில் ஒரு கார் படம், கீழே நெளிந்து நெளிந்து போகும் இரண்டு கோடு. ஒரு தட்டு தட்டினால் பாதி அடங்கும். சேறு, மணல் என்று மாட்டிக்கொண்டால் அது போதும். ஐந்து விநாடி விடாமல் அழுத்தினால் முழுக்க ஓய்ந்துவிடும்.

"எப்படி இருக்கு விருமாண்டி?" என்று கேட்டார் வெங்கடேஷ்பாபு.

"மாமியா வீட்டு விருந்து மாதிரி இருக்கு மொதலாளி. எலை நெறைய வச்சிருக்காக, கை வைக்கப் போனா தடுக்குறாக."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்படின்னா அந்தப் பட்டன அமுக்கித்தான் பாரேன்" என்றார். ரிங் ரோடு காலியாக இருந்தது, லேசாகத் தூறியிருந்தது. விருமாண்டி அமுக்கினான். அடுத்த வளைவில் வண்டி வாலை வீசி, வழுக்கி, அவன் கைக்குள் அழகாக வந்து நின்றது. மொதலாளி வாய்விட்டுக் கூவினார். அத்தோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குப் போய், சாப்பிடும்போது, மனைவி ஸ்வர்ணாவிடம் தங்கள் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் அதைக் கைவீசி விவரித்தும் தொலைத்தார்.

ஸ்வர்ணாவின் தம்பி ரவிசங்கர் பைக்கில் வழுக்கி விழுந்து ஒரு காலை இழந்தவர். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை, வேலையை விட்டு நிறுத்தவுமில்லை. புத்திசாலி. கையெழுத்து வாங்கினால் இந்த மனிதர்களுக்கு உறைக்காது, எது உறைக்கும் என்று விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார். மறுநாள் காலை விருமாண்டியைக் கூட்டிக்கொண்டு நேரே பாண்டி கோயிலுக்குப் போனார்.

"அந்தப் பட்டனத் தொட மாட்டேன்னு சூடம் அடிச்சுச் சொல்லுங்க விருமாண்டி."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது அவன் பக்கத்து ஆட்களுக்கு விளையாட்டில்லை. மீறினால் மீறினவனுக்கு ஒன்றும் ஆகாது. அவன் ரத்தத்தில் யாருக்காவது ஆகும். அப்படி ஆனதற்கு ஊருக்கு நாலு கதை சொல்வார்கள். விருமாண்டிக்கு அதெல்லாம் தெரியும். தொழிலில்லாமல் வீட்டில் உட்கார முடியாது என்பதும் தெரிந்தது. "தொட மாட்டேன்" என்று சொல்லி அடித்தான். உள்ளங்கையில் கரி பட்டது.

அதன்பின் எட்டு மாதம். காரில் ஏறினால் பக்கத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பிடித்திருப்பதுபோல் இருக்கும். மினி பஸ்ஸில் போன பாதையிலேயே போவான், அதே வளைவு, அதே மேடு. கால் ஒன்று சொல்லும், கார் வேறொன்று செய்யும். போகப் போக, மஞ்சள் விளக்கு எரிவதற்கு முன்னாலேயே அவன் கால் தானாகத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சிநேகிதனின் ஷேர் ஆட்டோவைச் சும்மா ஓட்டிப் பார்த்தபோது, அந்தத் தகர டப்பாவிலும் வளைவுக்கு முன்னால் கால் பயந்தது. "என்ன மாப்ள, புதுசா ஓட்டுறவன் மாதிரி ஓட்டுற?" என்றான் சிநேகிதன். விருமாண்டி இறங்கி நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இந்த நிலையில்தான் முத்துத்தாயின் சின்ன மகள் இசைவாணிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மூன்று வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவள் ரோகிணியின் சடங்குக்கு விருமாண்டி போகவில்லை. மொதலாளியோடு கோயம்புத்தூரில் இருந்தான். தாய்மாமன் போட வேண்டிய மாலையை யாரோ ஒரு பங்காளி போட்டான். "உனக்குத்தான் பொறந்த வீடே இல்லையே" என்று மாமியார் சபையில் வைத்துச் சொன்னதை முத்துத்தாய் மறக்கவில்லை. தம்பியோடு பேச்சு நின்று நாலு வருஷம். இப்போது அவளே போன் போட்டாள்.

"ஒம்பதரைக்குள்ள காது குத்தியாகணும். நீ வந்துரு. இந்தத் தடவையும் வரலைன்னா எனக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் வெங்கடேஷ்பாபுதான் ஒரே பிடியாக நின்றார். "தாய்மாமன் பஸ்ஸுல போயி எறங்குறதா? நம்ம வண்டிய எடுத்துட்டுப் போ." ஸ்வர்ணா விருமாண்டியின் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தார். அவனுக்கும் ஆசை விடவில்லை. அந்தச் சிவப்புக் காரில் போய் இறங்கினால் மாமியார் கிழவி வாயை மூடுவாள் அல்லவா? பட்டுப்பாவாடையும் மாலையும் டிக்கியில் அடங்கின. வாழைத்தார் அடங்கவில்லை. அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டான். கம்மல் சட்டைப் பையில் இருந்தது.

வாடிப்பட்டி தாண்டி ஊருக்குத் திரும்பும் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கண்மாய்க் கரைமேல் சுற்றிப் போ என்றார்கள். முந்தின நாள் பெய்த மழை, கரைமண் களியாக இருந்தது. மினி பஸ்ஸில் என்றால் வேகம் குறையாமல் ஒரே மூச்சில் தாண்டியிருப்பான். கார் விடவில்லை. சக்கரம் லேசாகச் சுற்றியதும் எஞ்சினை அடக்கியது, வேகம் போனது, வண்டி நின்றது. பின் சக்கரம் மெதுவாகத் தண்ணீர்ப் பக்கச் சரிவில் இறங்கிக்கொண்டது. மணி ஒன்பது.

மிதித்தான். ஒரு முனகல், மஞ்சள் விளக்கு. பக்கத்துத் தோப்பிலிருந்து தென்னை மட்டைகளை இழுத்துவந்து சக்கரத்தடியில் திணித்தான். மறுபடி மிதித்தான். சக்கரம் அரைச் சுற்று சுற்றும், உடனே கார் கழுத்தைப் பிடிக்கும். வண்டியை வெளியே எடுக்க வேண்டிய பலம் அதற்குள்ளேயே இருந்தது. அதைத் தரத்தான் மாட்டேன் என்றது. வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போகவும் வழியில்லை. கரை இளகிக்கொண்டிருந்தது, விட்டால் ஊரான் வீட்டுக் கார் கண்மாய்க்குள் இறங்கிவிடும். சுற்றுமுற்றும் ஒரு ஆள் இல்லை. ஊர் இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டான். சத்தியம் வாங்கினவர் மனசு வைத்தால் கொடுத்தவனை விடுவிக்கலாம். அதற்கும் வழக்கம் உண்டு.

"அம்மா, சேத்துல மாட்டிக்கிட்டேன். ஒரே ஒரு தட்டு தட்டினாப் போதும், வந்துரும். சத்தியத்தத் திருப்பி வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

ஸ்வர்ணா எந்த இடம் என்று கேட்டுக்கொண்டார். "எறங்கித் தள்ளி நில்லுங்க விருமாண்டி. வண்டிய இழுக்க ஆளனுப்புறேன். ஒரு மணி நேரத்துல வந்துருவாங்க."

"ஒரு மணி நேரம் இல்லம்மா. எங்க அக்கா..."

"எங்க ரவிக்கும் ஒரே ஒரு அவசரம்தான் இருந்துச்சு. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் தொடாதீங்க."

அந்த அம்மாள் மேல் கோபப்படக்கூட அவனால் முடியவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்தான். கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தமெல்லாம் அடங்கியது. இவனும் வாழைத்தாரும்தான். ஒன்பது பத்து ஆயிற்று. அழுகை வந்தது, அழுதான். பிறகு விரலை நீட்டிப் பட்டனில் வைத்தான்.

ஒரு தட்டு போதும் என்று அவனுக்குத் தெரியும். விரல் எழும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று அழுத்திப் பிடித்தான்.

கார் கத்திக்கொண்டு கிளம்பியது. களிமண் கண்ணாடிக்கு மேல் பறந்தது, மட்டைகள் நொறுங்கின, வால் தண்ணீர்ப் பக்கம் போனது. விருமாண்டியின் கைகள் அதைச் சாவகாசமாகத் திருப்பிக் கொண்டுவந்தன. கரையை விட்டு இறங்கித் தார் ரோடு வந்ததும் பட்டனைப் பழையபடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஐந்து கிலோமீட்டரும் அப்படியே போனான். ஈர ரோட்டில், ஒவ்வொரு வளைவிலும், எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்த வண்டி அவன் சொன்னதைச் செய்தது. வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் காதில் விழுந்த பிறகுதான் சூடம் அடித்த கை நினைவுக்கு வந்தது. அக்காவுக்காக மீறினேன் என்று சாமியிடம் சொல்லலாம். இந்த ஐந்து கிலோமீட்டருக்கு என்ன சொல்வது?

காதுகுத்து நடக்கிற ஊர்க் கோயில் வாசலில் சேறும் சிவப்புமாகப் போய் நின்றபோது ஒன்பது இருபத்து நாலு. முத்துத்தாய் ஓடிவந்தாள். "வந்துட்டியா தம்பி, வந்துட்டியா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு வெலை இருக்கும்?" என்று கேட்டாள். அக்கா தலை நிமிர்ந்து நடந்தாள். விருமாண்டி எதற்கு ஆசைப்பட்டானோ அதெல்லாம் நடந்தது.

மணையில் உட்கார்ந்தான். இசைவாணியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். எண்ணெய் வைத்த தலை, பட்டுப்பாவாடை, பயமில்லாமல் அண்ணாந்து பார்க்கிற முகம். அவன் ரத்தத்தில் யாருக்காவது ஆகும். அவனுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ரத்தம் என்று இருப்பது அக்காவும் அவள் பெற்ற இந்த இரண்டும்தான். இத்தனை நேரம் இது எப்படித் தோன்றாமல் போனது? அக்காவிடம் சொல்ல முடியாது. சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு இனி வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவன் ஒருத்தன் மட்டும் காரணம் தெரிந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆசாரி சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊசியை எண்ணெயில் தொட்டார். "மாமா, பிள்ளை அசையாமப் பாத்துக்கங்க" என்றார் யாரோ.

விருமாண்டி ஒரு கையால் பிள்ளையின் இடுப்பை வளைத்தான், மறு கையால் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்தான். பிள்ளை நெளிந்தது. இன்னும் இறுக்கினான்.

"மாமா, வலிக்குது, விடு" என்று வீறிட்டது இசைவாணி.

முத்துத்தாய் சிரித்துக்கொண்டே, "அம்புட்டுத்தான்டி, குத்தியாச்சு" என்றாள்.

ஊசி இன்னும் காதைத் தொடவில்லை, ஆசாரியின் கையில்தான் இருந்தது.