ஆடுகிற முன்பல்லும் இரண்டு சந்தேகக்காரர்களும்

வாயைத் திறந்து காட்டுகிறவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குப் பெயர்தான் பல் மருத்துவம். தினமும் இரண்டு வேளை விளக்குகிறேன் என்பார்கள். ஈறைத் தொட்டால் ரத்தம் வேறு கதை சொல்லும். அவர்களும் நம்மை நம்புவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், இந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும். திருச்செங்கோட்டில் என் கிளினிக்குக்கு வந்த செல்வராசு அண்ணன் ஒருவரைச் சொன்னாலே போதும்.

சான்றிதழைப் பார்த்தவர்

ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். நாற்பத்தெட்டு வயது. மேல் முன்பற்கள் இரண்டும் இரண்டே வருடத்தில் விலகி முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. இந்த வயதில் கம்பி கட்டினால் ஊரே சிரிக்கும், கண்ணாடி மாதிரி ஏதோ கவர் இருக்கிறதாமே, அதை மாட்டிவிடுங்கள் என்றார். பல்லை மெல்ல மெல்ல நகர்த்துகிற அலைனரைத்தான் சொல்கிறார்.

அளவுக் கம்பியை ஈறுக்குள் விட்டால் ஆழமாக இறங்குகிறது. பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு பாதி கரைந்திருந்தது. பற்கள் விலகியதே அதனால்தான். முதலில் ஈறு நோயை அடக்க வேண்டும், மூன்று மாதமாவது ஆகும், அவசரப்பட்டு நகர்த்தினால் பல் கையோடு வந்துவிடும் என்றேன். வேறு ஊரில் ஒரு டாக்டர் போட்டோவைப் பார்த்தே அடுத்த வாரம் கவர் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழை எழுந்து போய்ப் படித்துவிட்டு வந்து கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, பல்லு கோணையா இருக்குதுன்னு வந்தா நீங்க ஈறைப் பத்தியே பேசுறீங்களே, உங்களுக்குப் பல்லு பாக்கத் தெரியுமுங்களா?"

எக்ஸ்ரே

பொம்மைத் தாடையை வைத்து விளக்கினேன். படம் போட்டுக் காட்டினேன். மனுஷன் மசியவில்லை. கடைசியில் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டதும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். போர் போடும்போது வெளியே வருகிற மண்ணைப் பார்த்தே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். பல்லைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். எட்டு வருடம் படித்த எனக்கு வராத விளக்கம் அவருக்கு வந்தது: "மேல்மண்ணு லூசுங்க. மண்ணு சரியாம இருக்க கேசிங் பைப்பு எறக்காம ராடு உட்டா குழி மூடிக்கும். அதத்தான சொல்றீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க சந்தேகப்படறேன்?"

காணாமல் போன ஈறு

அவர் சந்தேகத்தை விட்டுவிட்டார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். வேர் வரைக்கும் சுத்தம் செய்து முடித்ததும் வீக்கம் வடிந்தது. வீங்கியிருந்த ஈறு சுருங்கினால் பல் நீளமாகத் தெரியும், சந்தும் பெரிதாகும். முன்கூட்டியே சொல்லியிருந்தேன், யார் கேட்டார்கள்? கண்ணாடியோடு வந்து நின்றார்: "வரும்போது இருந்த ஈறு இப்பக் காணோமுங்க. எங்க போச்சுன்னு நீங்கதான் சொல்லோணும்."

பளபளப்பு

நான்காம் மாதம் ஈறு இறுகியது. பயந்து பயந்துதான் அலைனரைக் கொடுத்தேன். சாப்பிடவும் பல் விளக்கவும் மட்டும் கழற்ற வேண்டும், மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என ஒரு ஜோடி என்று எழுதியும் கொடுத்தேன். அவர் ரிக்கோடு வடக்கே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது அலைனர் பளபளவென்று இருந்தது. இரண்டு வாரம் முழுக்க வாயில் கிடந்த பொருள் அப்படி இருக்காது. மாட்டிப் பார்த்தால் பல்லோடு ஒட்டாமல் நுனியில் இடைவெளி. வலது முன்பல் என் விரலுக்கு ஆடியது. பாதி எலும்பில் நிற்கிற பல்லை இப்படித் தள்ளுவதும் விடுவதுமாக இருந்தால் அது விழுந்துவிடும், என்ன செய்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ரிக்கில் ஒரே ஆளை ரெண்டு ஷிப்ட்டும் வேலை வாங்க மாட்டாராம், அதே நியாயத்தைத்தான் பல்லுக்கும் செய்திருக்கிறார்: "மேல் பல்லுக்குப் பகல் ஷிப்ட்டு, கீழ் பல்லுக்கு நைட் ஷிப்ட்டுங்க. இருவத்திநாலு மணி நேரமும் வாயில ஒண்ணு இருந்துச்சுங்களே?"

யார் ஆட்டினால் என்ன

எல்லாவற்றையும் நிறுத்தினேன். சரியாகப் பொருந்திய பழைய ஜோடியையே மாட்டிக்கொண்டு ஆறு வாரம் சும்மா இருக்கச் சொன்னேன். அந்த ஆறு வாரமும் எனக்குத்தான் தூக்கம் கெட்டது. அந்தப் பல் போனால், பேசாமல் விட்டிருந்தாலாவது இருந்திருக்குமே என்று ஊரே கேட்கும். அதைவிட நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். பல் நின்றது. மறுபடி மெதுவாக ஆரம்பித்து, ஒன்றரை வருடத்தில் சந்து மூடியது. பற்கள் திரும்ப விலகாமல் இருக்கப் பின்பக்கம் மெல்லிய கம்பியும் ஒட்டினேன்.

போன வாரம் பரிசோதனைக்கு வந்தார். கூட வந்த அவர் மனைவி சாந்தி அக்கா, இவர் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பல்லை விரலால் ஆட்டி ஆட்டிப் பார்க்கிறார் என்று போட்டுக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னொரு தடவை கையை வைத்தால் நடப்பதே வேறு என்று திட்டிக்கொண்டே, இடுக்கியை எடுத்து அதே பல்லைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. சந்தேகத்தில் இன்னொரு முறையும் அசைத்தேன். வாயில் இடுக்கி இருக்கும்போதே அண்ணன் பேசினார்: "நீங்க ஆட்டுனா செக்கப்பு, நான் ஆட்டுனா தப்புங்களா?"

பல் கெட்டியாகிவிட்டது, அதை எங்கள் இரண்டு பேரையும் நம்பவைக்கத்தான் இன்னும் வைத்தியம் கிடைக்கவில்லை.