வரேம்மா

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "வேலயப் பாரும்மா" என்று வாயை அடைத்துவிடுவேன். இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் பையன் கவினுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. அந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் ஐந்து வருஷமாக இருந்தவர் கோமதியக்கா. நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். யார் அழுதுகொண்டு வந்தாலும் உடனே பேசி அனுப்புவார். "பயப்டாதம்மா. ஒருக்களிச்சி படுக்க வை. வாயில ஒண்ணும் வெக்காத. எத்தினி நிமிஷம் இழுக்குதுன்னு மணியப் பாரு." பின்னாலேயே அவர் மகள், அவளுக்கும் வலிப்புதான், "மணியப் பாரூ" என்று அம்மாவை மாதிரியே இழுத்துக் கிண்டல் செய்து சிரிப்பது கேட்கும். நம்பினால் நம்புங்கள், டாக்டர் சொன்னதைவிட அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தைரியம் வந்தது. இந்தப் பெண் வளர்ந்து கிண்டல் செய்கிற மாதிரி என் பிள்ளையும் வளர்வான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் 'கோமதி வெளியேறினார்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். பழையவர்கள் இப்படிப் போவதுண்டு. பிள்ளைக்குக் குணமானாலும் போவார்கள், வேறு மாதிரி ஆனாலும் போவார்கள். எது என்று கேட்க மாட்டோம், கேட்கப் பயம். எனக்கோ கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னவாம்?" என்று குழுவிலேயே எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. அக்காவைக் கூப்பிட்டும் பார்த்தேன், எடுக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, பட்டப்பகல், மணி பன்னிரண்டு இருக்கும். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். கவின் கை வெடுக்கென்று இழுத்தது, திரும்பினால் கண் மேலே செருகிவிட்டது, பிடிப்பதற்குள் தரையில் சாய்ந்துவிட்டான். எத்தனை தடவை பார்த்தவள் நான், ஆனாலும் நடுரோட்டில் கூட்டம் கூடியதும் எல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். ஒரு ஆட்டோக்காரர், "இரும்பக் கையில குடுங்கபா, நின்னுடும்!" என்று சாவியோடு ஓடிவந்தார். இன்னொருவர் அவன் பல்லுக்கு நடுவில் டீக்கடை ஸ்பூனை வைக்கப் போனார்.

"வாயில ஒண்ணும் வெக்காதீங்கண்ணா," என்று ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இருபது வயதிருக்கும். பச்சைச் சுடிதார், இடது புருவத்தின் குறுக்கே பழைய தையல் தழும்பு. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். "பயப்டாதக்கா, மணியப் பாரு," என்றாள். போனில் பார்த்தேன். இரண்டே முக்கால் நிமிஷம். அவனுக்கு மூச்சு சீரானதும் எழுந்தாள்.

"வரேம்மா."

"போயிட்டு வாம்மா, மகராசியா இரு," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை. அத்தனை கூட்டத்தில் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தக் குரல் கோமதியக்காவின் மகள் குரல்! உடனே அக்காவுக்கு எழுதினேன்: "அக்கா, உங்க பொண்ணுதான் இன்னிக்கி என் புள்ளயக் காப்பாத்துச்சி. புருவத்துல தழும்பு, அவதான?"

நான்கு மாதமாகப் போனை எடுக்காதவர் அடுத்த நிமிஷமே கூப்பிட்டார்.

"எப்பம்மா பாத்த?"

"இன்னிக்கி மத்தியானம்க்கா."

அக்கா சொன்னார். "அவ போயி நாலு மாசம் ஆவுதும்மா. தூக்கத்துல வந்திருக்குது. ஊரு பசங்களுக்கெல்லாம் மணியப் பாரு, மணியப் பாருன்னேன். பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தேன், எனக்குத் தெரியல. இத எப்டி குரூப்புல சொல்றது? சின்னப் பசங்கள வெச்சிக்கினு இருக்கீங்க, பயந்துடுவீங்க. அதான் வாய மூடிக்கினு வந்துட்டேன்."

குழுவில் நான் எழுதினது ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"போவசொல்ல என்னா சொன்னா?" என்று கேட்டார்.

"வரேம்மான்னாங்க."

"உன்னயா அம்மான்னா?"

அப்போதுதான் யோசித்தேன். அதற்கு முன்னால் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இல்லக்கா, உங்களத்தான் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளேன்னு நாலு மாசமா..." அக்கா அழுதார். போனைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ஒரு வாரத்தில் அக்கா குழுவுக்குத் திரும்பி வந்தார். இன்றைக்கும் அவர்தான் எல்லோருக்கும் மணி பார்க்கச் சொல்கிறார்.

அவரிடம் நான் இன்னும் சொல்லாதது ஒன்று உண்டு. சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று யாரும் சொல்ல மாட்டோம், போயிட்டு வா என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் நடுரோட்டில் நின்று, அவளைப் போயிட்டு வா என்று மனசாரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு கவினுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்துவிட்டது. இரண்டு தடவையும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், மணியைப் பார்த்தேன், எட்டிக் கதவுத் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.