எரிந்த பாறையில் நான் வைத்த பரீட்சை

ரெஜினா என்ற பெண்ணுக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலையை நான் கெடுத்தேன். பாறை கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஏறமாட்டேன் என்று சொன்ன அவளை எல்லோர் முன்னாலும் பயந்தாங்கொள்ளி என்றேன். இதைச் சுற்றிவளைத்துச் சொல்லியே பழகியவன் நான். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக ஒருமுறை நேராக எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கு ஒரு நோய் பிடித்திருந்தது. ஒருவரைப் பதவி உயர்த்துமுன் அவரிடம் ‘தலைமைப் பண்பு’ இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். அதைத் தொழிற்சாலைக்குள் பார்க்க முடியாதாம். ஒருத்தி வருடக்கணக்கில் ஒரு உற்பத்தி லைனையே நிற்காமல் ஓட்டியிருப்பாள், அது சேர்த்தியில்லை. காட்டுக்குக் கூட்டிப்போய், இடுப்பில் ஹார்னஸ் என்ற பட்டையை மாட்டி, பாறையில் தொங்கவிட்டால்தான் பண்பு தெரியும். அந்தத் தொங்கவிடும் தொழில்தான் எங்களுடையது.

நான் சீஃப் இன்ஸ்ட்ரக்டர். அதற்கு முன் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். இங்கிலாந்தில் படித்தபோது பாறை ஏறப் பழகியவன். முதலாளி குலசிங்கத்தின் ஆபீஸ் ஜார்ஜ்டவுனில் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுதானால் அன்று முழுக்கக் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். தொழிற்சாலைகளில் அவர் செய்யும் பிரசங்கத்தின் தலைப்பு, ‘உயரத்தை வெல்’.

எங்கள் பாறை, ஒரு மலையின் பின்பக்கத்தில், மரங்கள் மூடிய கருங்கல் முகம். நாள் முழுவதும் நிழல். வெயில் விழும் கல்லில் இந்த ஊரில் கைவைக்க முடியாது. அதனால் அந்த நிழலுக்குத்தான் மதிப்பு. கல்லில் துளையிட்டு, பசை நிரப்பி, எஃகு போல்ட்களைப் பதித்திருந்தோம். ஏறுகிறவர் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே மேலே போவார். கைதவறினால் அந்த போல்ட்தான் அவரைத் தாங்கும்.

ரெஜினா எங்களிடம் வந்த வருடம் மழை பொய்த்தது. யாரோ குப்பைக்கு வைத்த தீ லாலாங் புல்லில் பற்றி, சரிவெல்லாம் ஏறி, பாறையின் அடிவாரத்தைச் சுட்டுவிட்டது. அணைந்த பிறகு போய்ப் பார்த்தேன். நிழல் பாதி போயிருந்தது. தீ நக்கிய இடமெல்லாம் கல் தோல் உரிந்தது. தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டும் சத்தம். போல்ட்களைச் சுற்றியிருந்த பசை பழுப்பேறி, நகம் பட்டாலே உதிர்ந்தது. சூட்டில் கருங்கல் எப்படி வெடிக்கும் என்று வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

குலசிங்கத்திடம் சொன்னேன்.

“காடுன்னா எரியத்தான் செய்யும் லா, மாஸ்டர். பாறையுமா எரியும்?”

“கல்லு விட்டுப்போச்சு. போல்ட் எல்லாத்தையும் பிடுங்கணும். கொஞ்ச காலம் அந்தப் பக்கமே யாரும் போகக்கூடாது.”

“சனிக்கிழமை பிறை ஃபேக்டரியிலேர்ந்து ஆள் வராங்க. மேனேஜரே கூட வராரு. இப்பப் போய் வேணாம்னு சொல்லவா?” என்றவர் முகம் மலர்ந்தது. “அந்த நெருப்பையும் புரோகிராம்ல சேர்த்துடுங்க. ‘தீயைக் கடந்து’. எப்படி?”

நான் சிரித்தேன். என் எதிர்ப்பு அதோடு முடிந்தது.

பிறகு என் படிப்பைத் தப்பான காரியத்துக்குச் செலவு செய்தேன். பக்கப்பாதையில் சுற்றி மேலே போய், தீ எட்டாத ஒரு பெரிய மரத்தில் கயிற்றைக் கட்டிக் கீழே தொங்கவிட்டேன். போல்ட்டை யாரும் நம்பவேண்டியதில்லை. பெயர்ந்து விழப்போகும் கல்லுக்கு என்ன செய்வது? எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தேன். என் மனசாட்சிக்கும் ஒன்று மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். சூப்பர்வைசர் வேலை ஒன்றுதான். அது ரெஜினாவுக்கா கணேசனுக்கா என்பதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் தெரியும். ரெஜினா நிபோங் தெபாலிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவள். கணேசனுக்கே லைன் வேலையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

கணேசன் முதலில் ஏறினார். பாதியில் அவர் கால் பட்டு ஓடு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, கீழே கயிறு பிடித்தவருக்குப் பக்கத்தில் விழுந்தது. மேனேஜர் கைதட்டினார், ஏதோ சாகசம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்தது ரெஜினா. ஹார்னஸ் மாட்டிக்கொண்டு வந்தவள், விழுந்த சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“சார், போன பேட்ச் அந்த இரும்புல மாட்டித்தான் ஏறினாங்களாமே. இன்னைக்கு ஏன் மரத்துல கட்டினீங்க?”

“உங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்.”

“அப்ப இரும்பு நல்லாத்தான் இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“கல்லு?”

“கல்லுக்கு என்னம்மா? மலை பொறந்ததுலேர்ந்து நிக்குது.”

“இது இப்பத்தானே விழுந்துச்சு?”

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லி எல்லோரையும் கீழே அனுப்ப அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

“கால் ஆடுது, பழியைக் கல்லு மேல போடுறாங்க. பயந்தாங்கொள்ளின்னு ஒத்துக்கிட்டா ஹார்னஸைக் கழட்டிடலாம், ரெஜினா.”

“அக்கா, ஏணி கொண்டாரச் சொல்லட்டா?” என்றார் கணேசன். பெரிய சிரிப்பு.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். “நான் ஏறல, சார்.”

மற்றவர்கள் எல்லோரும் ஏறினார்கள். அவளைப் போல் பேர் வாங்கக்கூடாது என்பதற்காகவே ஏறினார்கள். மாலையில் மேனேஜர் என் கருத்தைக் கேட்டார். “கணேசன் பரவாயில்ல. அந்தப் பொண்ணை அவசர நேரத்துல நம்பமுடியாது” என்றேன். வேலை கணேசனுக்குப் போனது.

அடுத்த வாரம் கயிற்றில் இறங்கி போல்ட்களைப் பிடுங்கினேன். அதில் ஒன்று, இரண்டே விரலால் திருகியதும் கையோடு வந்துவிட்டது. குலசிங்கத்திடம் காட்டினேன். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, மாஸ்டர்? அப்ப பாறை நல்லாத்தானே இருந்திருக்கு!” என்றார். அவரை முட்டாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அதே நியாயத்தைச் சொல்லித்தான் நானும் சில வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

தூக்கம் கெட்டது ஒரு பாராட்டால். மேனேஜர் போன் செய்தார். “உங்க டெஸ்ட் அருமை. அந்தப் பொண்ணைப் போட்டிருந்தா எங்க கதை என்ன ஆயிருக்கும்!” மறுநாளே பிறைக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ஒருத்தர் ஏறினார், ஒருத்தர் ஏறல. அதை நான் கண்ணால பார்த்தேன். பாறையைப் பத்தி நான் கேட்கவே இல்லையே?”

வெளியே வந்து, ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்து ரெஜினாவிடம் சொன்னேன். அவள் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் கேண்டீன்லதான் இருப்பாங்க.”

போனேன். மீ கோரெங் தட்டுகளுக்கு நடுவே நின்று, பாறை கெட்டிருந்தது, ரெஜினா சரியாகச் சொன்னாள், நான் பொய் சொன்னேன் என்றேன். கணேசன் எழுந்தார். வேலை பறிபோகும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன்.

“அப்ப என்னை அந்தக் கல்லுல ஏத்துனீங்களா சார்?”

“ஆமா.”

“எனக்கு ரெண்டு பிள்ளைங்க, சார்.”

ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். மற்ற பதினொரு பேரையும் அந்தக் கல்லுக்கடியில் நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. மேசை மேசையாகப் போய்க் கேட்டேன். சிலர் சரி என்றார்கள். ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

குலசிங்கம் அன்றே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். கணேசன் அந்த வேலையிலேயே இருந்தார்; மேனேஜர் எதையும் மாற்றவில்லை. இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்று: ஒருவர் ஏறமாட்டேன் என்றால் முதலில் பாறையைப் போய்ப் பாருங்கள். அவருடைய காலைப் பிறகு பார்க்கலாம்.

ரெஜினா வேறு தொழிற்சாலையில் வேலை தேடுவதாகக் கேள்விப்பட்டு, நிபோங் தெபாலில் அவள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறேன் என்றேன். வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள்.

“வேணாம் சார். என்னைப் பத்திக் கெட்டதா சொன்னப்ப உங்க பேச்சை நம்பினாங்க. இப்ப நல்லதா சொன்னாலும் நம்புவாங்க. நான் எப்படி வேலை செய்றேன்னு யாரும் வந்து பார்க்கப்போறதில்லையே.”