புண்ணுக்கு வந்த மவுசு

கல்யாண மேக்கப் போடுகிறவளுக்குக் கடைசிவரை நல்ல பேர் கிடையாது. நன்றாக அமைந்தால் பொண்ணு லட்சணம், அமையாவிட்டால் மேக்கப்காரி கெடுத்துவிட்டாள். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கம் பார்லர் வைத்திருக்கிற நான் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் இருக்கிற நீங்கள் எல்லாருமே இதை அனுபவித்திருப்பீர்கள். ஆனால் கூடப் படித்த தோழி ரத்தத்தையும் சீழையும் பூசியே ஊர் முழுக்கக் கைத்தட்டல் வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

கடித்தால் சிரிப்பார்களாம்

சுகுணாவும் நானும் ஒரே இடத்தில் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தவர்கள். புருவம் எடுப்பதில் அவளைவிட எனக்குத்தான் கை சுத்தம். இதை அவளே ஒத்துக்கொள்வாள். வேலை இல்லாத நேரத்தில் அவள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பஞ்சு, டிஷ்யூ பேப்பர், பசை எல்லாம் வைத்துப் புண் செய்யப் பழகியிருந்தாள். "எதுக்குடி இந்த அசிங்கம்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து வந்த ஒரு சினிமாக் கம்பெனி, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஜாம்பி படம் எடுக்கப்போகிறோம் என்று அவளைத்தான் கூப்பிட்டது. ஆள் போதாமல் அவள் என்னைக் கூப்பிட்டாள். பிணங்கள் எழுந்து வந்து ஆட்களைக் கடித்துத் தின்கிற கதை என்றாள். இதை யாருடி காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்றேன்.

"பயப்படவும் செய்வாங்க, விழுந்து விழுந்து சிரிக்கவும் செய்வாங்க. ஒரு தபா பாருடி, அப்புறம் உன் மேக்கப்பே உனக்கு போரடிச்சிடும்."

குடல் பங்கு

ஜாம்பியாக நடிக்க அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களையே வேனில் கூட்டி வந்திருந்தார்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் முனியம்மா. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் மேக்கப். மாவு பூசின மாதிரி இருக்கிறது என்று மண்டபத்திலேயே பெண்ணின் முகத்தைக் கழுவ வைத்தவர்.

அதே அம்மாவின் கன்னத்தில் ஒரு கீறல் வரைந்து, சிவப்புக் கலர் கலந்த சர்க்கரைப் பாகை ரத்தமாக வழியவிட்டேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் திரும்பினார். சுகுணாவிடம் உட்கார்ந்திருந்த அவருடைய ஓரகத்தியின் வயிற்றிலிருந்து ரப்பர் குடல் முழங்கால் வரை தொங்கிக்கொண்டிருந்தது. முனியம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அவளுக்கு மட்டும் அவ்ளோ குடலு, எனக்கு வெறும் கீறல்தானா? ஜாஸ்தியா வைம்மா, கம்மியா வச்சா நான் நடிக்கவே மாட்டேன்!"

பளபளத்த பிணம்

அடுத்து ஒரு கல்லூரிப் பெண். சுகுணாவை ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். முகத்துக்குப் பச்சை பூசினேன், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வைத்தேன், உதட்டோரம் ரத்தம் விட்டேன். ஆனால் கைப்பழக்கம் விடுமா? பச்சையைத் திட்டுத் தெரியாமல் சீராக இழைத்துவிட்டேன். கறுப்பு, மை தீட்டினது போல வளைவாக வந்தது. போதாததற்குப் புருவத்தை வேறு சீவிவிட்டிருந்தேன்.

டைரக்டருக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு சுகுணாவைக் கூப்பிட்டார். அவள் ஈரப் பஞ்சால் பாதியை அழித்து, கன்னத்தில் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக் கிழித்து, உள்ளே பல்வரிசை தெரிகிற மாதிரி வரைந்தாள். சுற்றி நின்றவர்கள் 'ஐயோ' என்று அலறி, அலறின வாயாலேயே சிரித்தார்கள். நான் அலங்கரித்த ஒரு மணப்பெண்ணுக்கும் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. டைரக்டர் என்னைச் சமாதானப்படுத்தினார்:

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, உங்க ஜாம்பியைப் பார்த்தா கடிக்க வர்ற மாதிரி இல்ல, தாம்பூலம் மாத்த வர்ற மாதிரி இருக்கு."

கழுவாமல் போனவர்கள்

என் மணப்பெண்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்பே மேக்கப்பைத் துடைத்துவிடச் சொல்வார்கள். இங்கே நான் எண்ணெயும் பஞ்சுமாகக் காத்திருந்தேன், ஒருத்திகூட வரவில்லை. வீட்டுக்காரரைப் பயமுறுத்த வேண்டுமாம்!

என்னிடம் அடம்பிடித்துக் குடல் வைத்துக்கொண்ட முனியம்மாவும் ஓரகத்தியும் அதைத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். நானும் அதே பஸ்ஸில். முதலில் ஒரே அலறல், அப்புறம் ஒரே செல்பி. யார் போட்டது, யார் போட்டது என்று எல்லாரும் கேட்க, "சுகுணாம்மா" என்றார் முனியம்மா. அவருக்குப் போட்டது நான்! நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"உயிரோட இருக்கற லேடீஸுக்குத்தாம்மா ஃப்ரீ டிக்கெட்டு, நீங்கல்லாம் எந்தக் கணக்குல வர்றீங்க?"

காலைக் காட்சி

படம் ஓடக்கூடாது என்று அண்ணாமலையாரிடம் நான் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன், அவ்வளவுதான். சுகுணா என்னைக் காலைக் காட்சிக்கு இழுத்துப் போனாள். தியேட்டர் நிறைந்திருந்தது. ஒரு காட்சியில் முனியம்மாவின் ஓரகத்திக்குக் கை கழன்று விழுகிறது. அவர் அதை எடுத்து, அதாலேயே முதுகைச் சொறிந்துகொண்டு துரத்துகிறார். தியேட்டர் அதிர்ந்தது. எனக்கும் சிரிப்பு பீறிட்டது; சுகுணா பார்த்துவிடப் போகிறாளே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மா. "நாள் பூரா எரிச்சலை அடக்கிக்கிட்டு சிரிச்ச மூஞ்சியா உட்கார்ந்திருக்கேன். இங்க மண்டையப் பொளக்கறாங்க, மனசு லேசாவுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட, இதற்குத்தானா! வேஷம் என்று தெரிந்த ரத்தத்தைப் பார்த்து, நிஜத்தில் அடக்கி வைத்ததையெல்லாம் கத்தித் தீர்க்கிறார்கள். இந்தச் சந்தோஷத்தை என் பவுண்டேஷன் யாருக்குக் கொடுத்தது?

கடைசியில் பெயர்கள் வந்தன. 'ஒப்பனை: சுகுணா' என்று பெரிய எழுத்தில் வந்ததும் அவள் அழுதுவிட்டாள். நான் கிளம்பப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருடி, எழுந்துக்காத, உன் பேரும் வருது. கீழ பாரு… இன்னும் கீழ!"

ஹாலில் மாட்டிய படம்

அதற்கப்புறம் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு மணப்பெண் வந்தாள். முகூர்த்தத்துக்கு நான், கல்யாணம் முடிந்து மாப்பிள்ளையோடு ஜாம்பி ஜோடியாகப் போட்டோ எடுக்க சுகுணா. வயிறு எரிந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினேன். மண்டபத்தில் எல்லாரும் 'மகாலட்சுமி மாதிரி' என்றார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகு அவள் மாமியார் வீட்டில் ஒரு விசேஷத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஹாலில் பெரிய பிரேம் போட்ட படம். என் மகாலட்சுமி இல்லை. கன்னம் கிழிந்து, ஒரு கண் தொங்க, மாப்பிள்ளையின் காதைக் கடிக்க வாய் பிளந்திருந்தாள். முகூர்த்தப் படம் எங்கே என்று மாமியாரிடம் கேட்டேன். ஆல்பத்தில் இருக்கிறதாம். ஏன் அதை மாட்டவில்லை என்றேன்.

"அதுல மேக்கப் கலைஞ்சிடும்னு பயந்துகிட்டே நிக்குதுங்க. இதுலதாங்க எங்க மருமக வாய்விட்டு சிரிக்குது."

பருவுக்கும் கருவளையத்துக்கும் விதவிதமாகக் கிரீம் அடுக்கி வைத்திருக்கிற என் பார்லரில், வயிற்றெரிச்சலுக்குத் தடவிக்கொள்ள மட்டும் இன்னும் ஒன்றும் வரவில்லை.