பக்கத்து வீடு

என் மகள் கணினி விளையாட்டில் தான் அமைக்கும் ஊரில் ஒரு வீட்டை இடித்தாள். அந்தக் கடகடச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஹீட்டரில் காயும் காலுறை நாறும் அறையில், பத்து வயதில் நானும் ஓர் ஊர் கட்டினேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சித்தப்பா வீடு, நடுவில் ஊஞ்சல்.

தன் தம்பியான அந்தச் சித்தப்பாவோடு பேச்சை முறித்திருந்த அப்பா திரையை எட்டிப் பார்த்தார்.

“அவன்ரை வீடு ஏன் எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை? இடி!”

“விளையாட்டுத்தானே, அப்பா!”

மவுசைப் பறித்து அவரே இடித்தார். ‘சேமிக்கவா?’ என்று கேட்ட கணினிக்கும் ஓம் என்று அழுத்தினார். அந்த வருடமே சித்தப்பா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்க்குக் குடிபோனார். வழியனுப்பக்கூட அப்பா எங்களை விடவில்லை.

இப்போது மகள் கேட்கிறாள்: “அம்மா, எங்கடை வீட்டுக்குப் பக்கத்திலை ஆரை வைக்கிறது?”

சொந்தமென்று சொல்வதற்கு ஒருவரைக்கூட என் அப்பா என்ற அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை.