பதில் வராத நேரங்கள்

எங்கள் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் என் மனைவியிடம் அந்த மாற்றத்தைப் பார்த்தேன். நான் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். அவள் பதில் சொல்லாமல் சுவரையே பார்த்தபடி இருப்பாள். விரல்கள் சட்டை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவனைப் போகச் சொன்னது நான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் போன் செய்வதும் குறைந்துபோனது. அந்தக் கோபத்தை என்மேல் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மலாக்கா பக்கம் மெர்லிமாவில் இருக்கும் எங்கள் வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கம்ப்யூட்டர் சிப் செய்யும் பேக்டரியில் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கீறல் விழுந்த சிப்புகளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே வேலையில் கண் வைத்திருப்பவர்களின் கவனம் எப்போது தளர்கிறது என்று மூளையின் மின்னலைகளை வைத்து ஆராய, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்களைக் கேட்டு வந்தார்கள். இவள் பெயர் கொடுத்தாள். தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். நான் காரில் அழைத்துப்போனேன்.

அங்கே ஒரு தமிழ் மாணவி இருந்தாள். ஒயர்கள் தொங்கும் தொப்பியை மனைவியின் தலையில் மாட்டி, ஒவ்வொரு துளையிலும் பசை வைத்தாள். ஒரே மாதிரிச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். இடையில் வேறு சத்தம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். வேறு சத்தத்தை மனம் கவனித்தால் மூளையின் அலை சற்று உயரும், பல தடவை கேட்டதைச் சேர்த்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும் என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினாள். நான் அந்த மாணவிக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஓடும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. திடீரென்று கோடுகள் பெரிதாகி, ஒரே சீராக எகிறி எகிறி விழுந்தன. வேறு சத்தம் வந்தது. பொத்தான் அமுங்கவில்லை. மறுபடியும் வந்தது. அப்போதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மனைவியின் இன்னொரு கை சட்டை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நான் பார்த்துப் பார்த்து மனம் கசந்த அதே முகம்.

சத்தங்கள் முடிந்ததும் மாணவி மெதுவாகக் கேட்டாள். “ஆண்டி, நடுவுல கொஞ்ச நேரம் சத்தம் கேக்கலையா?”

“எல்லாம் கேட்டுச்சே. கேட்டப்பலாம் அமுக்கினேன்லா” என்றாள் மனைவி.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அவளுக்கு இல்லவே இல்லை.

மாணவி தன் விரிவுரையாளரை அழைத்து வந்தாள். அவர் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். தான் டாக்டர் இல்லை என்றும், தாமதிக்காமல் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னார். ஆஸ்பத்திரியில் மீண்டும் சோதித்து, இதுவும் ஒருவகை வலிப்பு என்றார்கள். வலிப்பு என்றால் கீழே விழுந்து கைகால் இழுக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இப்படி உட்கார்ந்த இடத்தில், யாருக்கும் தெரியாமல் வரும் என்று தெரியாது. இனி மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு அவள் தினமும் மோட்டாரில்தான் போய்வந்தாள். எத்தனை முறை எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகளை ஒட்டிப் போயிருப்பாளோ.

பேக்டரியில் அவளை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போட்டார்கள். அதுதான் அவளை அதிகம் வருத்தியது. “என் கண்ணுக்கு ஒரு கீறலும் தப்பாது” என்று சொல்லிக்கொள்பவள் அவள். மகனுக்கு எதையும் சொல்லக்கூடாது என்றாள். நானும் சொல்லவில்லை.

மாத்திரை முதலில் தூக்கத்தைக் கொடுத்தது. அளவை மாற்றிய பிறகு தெளிந்தாள். பேச்சும் திரும்ப வந்தது. அடுத்த சோதனையில் கோடுகள் அமைதியாக இருப்பதாக டாக்டர் சொன்னார்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். இந்த வருஷம் மகன் கட்டாயம் வந்துவிடுவான் என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அருகில் போய்த் தோளைத் தொட்டு, மாத்திரை போட்டாளா என்று கேட்டேன்.

“அது சீக்கு இல்லைங்க” என்றாள். “நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. வருசா வருசம் வருவான்னு சொல்றீங்க. நான் என்னா சொல்லட்டும்?”

அப்படியென்றால் முன்பு பதில் வராத நேரங்களில் எது நோய், எது அவள்? எனக்கு அது தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் பிழிந்ததை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வரவில்லை. தீபாவளி அன்று மாலை போன் செய்தான். அவள் யார் வற்புறுத்தலும் இல்லாமல், தானாகவே, நோயைப் பற்றி முழுவதும் சொன்னாள். தொப்பி மாட்டியது, மோட்டார் ஓட்டுவதை நிறுத்தியது, எல்லாம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனை வாங்கக் கையை நீட்டினேன்.

“இருங்க” என்றாள் தாழ்ந்த குரலில். “அழுவுறான்.”

மறுவாரம் மருமகளோடு வந்து ஒருநாள் தங்கினான். மாத்திரை டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்குச் சாப்பிடணுமாப்பா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.