டீ ஜாடியில் நின்ற விருந்தாளி

அந்தப் பீங்கான் டீ ஜாடியில் எங்கள் வீட்டில் யாரும் டீ ஊற்றியதில்லை. அப்பா ஏற்காட்டுக்கு லாரி ஓட்டிய காலத்தில், எஸ்டேட்டை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்தது. அடியில் ஆங்கிலேயக் கம்பெனியின் முத்திரை. மேலே சீன ஓவியம்: ஒரு சிறு பாலம், அதன்மேல் சாய்ந்த மரக்கிளை, பாலத்தின் நடுவில் குடை பிடித்த மனிதர். சீனாவைப் பார்த்திராத யாரோ தீட்டியிருக்க வேண்டும். குடைக்காரருக்குத் துரை முகம்தான்.

பரமத்தி வேலூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன வருடம் ஞாபக மறதி முற்றியது. சாப்பிட மறுத்தார். ஒரு நாள் ஜாடி இருந்த அலமாரியைப் பார்த்து, "வந்தவரு நின்னுட்டே இருக்கறாரு. அவருக்குப் போடாம எனக்கு ஊட்டறயே" என்று அண்ணியைக் கடிந்துகொண்டார். அண்ணி ஜாடியை எடுத்துவந்து கட்டிலருகே வைத்தார். ஒரு கரண்டி கஞ்சியை அதன்முன் நீட்டினார்.

"அவரு சாப்பிட்டாருங்க அத்தை. இனி நீங்க."

அம்மா வாயைத் திறந்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் அப்படித்தான்.

வீட்டு முகப்பில் வேப்பிலை செருகும் காப்புக்கட்டுக்கு முந்தின நாள் நான் சேலத்திலிருந்து போய்ச் சேர்ந்தேன். பொங்கலுக்காக வீட்டுச் சாமான் முழுவதும் வாசலில் கிடந்தது. பித்தளைக் குடங்களுக்கு நடுவே ஜாடி கவிழ்ந்திருந்தது. நல்ல வெள்ளை.

"மத்த ஏனமெல்லாம் வெளக்கறப்ப இதையும் புளி போட்டு ஊற வெச்சு, கம்பி நாரிலே தேச்சுப்போட்டனுங்க தம்பி" என்றார் அண்ணி. "அவரும் பொங்கலுக்குப் பளிச்சுனு இருக்கட்டுமேன்னு."

ஓவியத்தின் சாயம் பீங்கானின் பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டப்பட்டது; தேய்த்ததில் போய்விட்டது. முன்பே தேய்ந்தும் இருந்தது. கைப்பிடி இடுக்கில் மட்டும் நான்கு இலைகள் மிஞ்சியிருந்தன.

மதியம் அம்மா ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அவரு?"

"ஊருக்குப் போயிட்டாருங்க அத்தை" என்றார் அண்ணி.

"சாப்பிடாமயா?"

"சாப்பிட்டுட்டுத்தானுங்க."

"போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்த சொல்லலியே. என்ன சொன்ன நீ அவர?"

அண்ணி கஞ்சிக் கரண்டியை நீட்டினார். அம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டார். அண்ணன் வந்து கெஞ்சினார். நான் கைபேசியில் இருந்த ஜாடியின் பழைய படத்தைக் காட்டினேன். அம்மா என் விரலைத்தான் பார்த்தார். கடைசியாக மார்க்கர் பேனாவை எடுத்து ஜாடியில் ஒரு பாலமும் குடையும் ஆளும் வரைந்தேன். வழுவழுப்பில் கோடுகள் வழுக்கின.

அம்மா அதைக் கவனமாகப் பார்த்தார்.

"இவரு ஆருங்க? நம்மூட்டுக்கு வந்தவரு இல்லையே."

அந்த 'ங்க' எனக்கானது. அறிமுகமில்லாதவர்களிடம் அம்மா அப்படித்தான் பேசுவார்.

நாலரை மணிக்கு அண்ணி கஞ்சியை மூன்றாவது முறை சூடுபண்ணிக் கொண்டுவந்தார். அம்மா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே விளக்கிய குடங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"கொஞ்ச நேரம் பொறு சாமி," என்றார் அண்ணியிடம். "அவரு இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாரு."